பெரும்பான்மையால் இறந்தவர்

தீர்மானம் எப்படி எழுதுவது, யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் மூத்தவர்கள் சொல்லித் தருவார்கள். பஞ்சாயத்து வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அதை மறுபடி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்க வந்தது வேறு. ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்து, முறைப்படி கையைத் தூக்கி, அதைச் சரியாக எண்ணி, ஒரு பைத்தியக்காரத்தனத்தை நிறைவேற்றுகிறார்கள் என்று வையுங்கள். பேனாவோடு ஓரத்தில் இருக்கிற நீங்கள் என்ன செய்வீர்கள்?

எனக்கு அந்தக் கேள்வி வந்தது சுதந்திரம் கிடைத்ததற்கு அடுத்த சீசனில். அப்போது நான் தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. குற்றாலத்தில் சீசன் கடைக்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கத்துக்குச் சாயங்காலங்களில் போய்க் காரியதரிசி வேலையும் பார்த்தேன். அருவிக்குப் போகிற சாலையோரத்து நிலம் ஒரு பண்ணையாருக்குச் சொந்தம். அதை அவர் சங்கத்துக்கு மொத்தமாகக் குத்தகைக்கு விட்டிருந்தார். அதுவரை அவருக்காக நிலத்தைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர்தான் எல்லாம். அவர் முகம் சுளித்தால் ஒருவனுடைய கடை மறுநாள் இருக்காது. சுதந்திரம் வந்த கையோடு காரியஸ்தரும் ஊரைவிட்டுப் போனார். இனி நம்மை நாமே ஆள்வோம் என்று ஒன்பது பேரும் கூடினார்கள்.

அந்த முதல் கூட்டத்தில் ஒரு சட்டதிட்டம் எழுதிக்கொள்வோமா என்று கேட்டேன். தைலக்கடை வேலாயுதம் அண்ணாச்சியை அப்போதுதான் தலைவராக்கியிருந்தார்கள். நல்ல மனிதர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. அவர் சிரித்தார். சட்டதிட்டமெல்லாம் காரியஸ்தர் மாதிரி ஆட்களைக் கட்டிப்போட வேண்டியது, நம்மை நாமே எதற்குக் கட்டிக்கொள்ள வேண்டும், மெஜாரிட்டி சொன்னால் முடிவு, அவ்வளவுதானே ஜனநாயகம் என்றார். ஒன்பது கையும் உயர்ந்தது. டீக்கடை சங்கரபாண்டி அண்ணாச்சியின் கையும் அதில் இருந்தது. பின்னால் அதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

பெரும்பான்மை என்பது புதுச் சைக்கிள் மாதிரி. கிடைத்த புதிதில் கடைக்குப் போகவும் அதில்தான், சும்மா சுற்றவும் அதில்தான். சாரல் இன்ன தேதியில் தொடங்கும் என்று தீர்மானம் போட்டார்கள். குரங்குகள் பழக்கடைப் பக்கம் வரக்கூடாது என்று ஒன்று. அதைக் குரங்குகளுக்கு யார் தெரிவிப்பது என்று நான் கேட்டதற்கு, அது காரியதரிசியின் பொறுப்பு என்று இன்னொன்று.

அந்த வருஷம் சாரல் ஏமாற்றியது. அருவி பாறையில் ஈரம் காட்டியதோடு சரி. சுரண்டையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் நிற்கிற இடம் சாலை வளைவில் இருந்த சங்கரபாண்டி அண்ணாச்சியின் டீக்கடை. தண்ணீர் விழுதா என்று அவரிடம் கேட்பார்கள். இல்லை என்பார். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்கள். உள்ளே தைலமும் சிப்ஸும் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. உடனே ஒரு தீர்மானம்: அருவியில் தண்ணீர் விழுகிறது. ஐந்துக்கு நான்கு.

சங்கரபாண்டி அண்ணாச்சி சண்டைக்காரர் இல்லை. மெதுவாகத்தான் பேசுவார். தீர்மானத்தைத் தான் மதிப்பதாகவும், ஆனால் வருகிறவன் கண்ணுக்கு நேரே கேட்கும்போது வேறு சொல்ல வாய் வரவில்லை என்றும் சொன்னார். மறுநாளும் இல்லை என்றே சொன்னார். பஸ்கள் திரும்பிக்கொண்டே இருந்தன.

அவரை நீக்க வழி தேடினார்கள். பண்ணையாரோடு போட்ட பழைய ஒப்பந்தத்தில், உறுப்பினர் உயிரோடு இருக்கும்வரை கடை இடம் அவருடையது, காலமானால் சங்கத்துக்குத் திரும்பும் என்று இருந்தது. நீக்குவதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வேலாயுதம் அண்ணாச்சி அன்றைக்கெல்லாம் யோசித்துவிட்டு அடுத்த கூட்டத்தில் எழுந்தார்.

"உறுப்பினர் சங்கரபாண்டி காலமாயிட்டாருன்னு இந்தச் சங்கம் தீர்மானிக்குது. ஆதரிக்கிறவுக கை தூக்குங்க."

சங்கரபாண்டி அண்ணாச்சி அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை என்பதை நீங்கள் நம்பவேண்டும். வடகரையிலிருந்து வந்து பழக்கடை போட்டிருந்த மீரான் மட்டும், ஆள் இங்கேதானே இருக்கிறார் என்றார். அது அவரவர் அபிப்பிராயம், ஓட்டில் தெரிந்துவிடும் என்று தலைவர் பதில் சொன்னார். சங்கரபாண்டி அண்ணாச்சியும் எழுந்து, தான் சாகவில்லை என்று மெதுவாக ஆட்சேபித்தார். பிறகு அவருக்கு இதில் ஓட்டு உண்டா என்று பெரிய விவாதம் நடந்தது. செத்தவருக்கு ஓட்டு கிடையாது என்றார் தலைவர். செத்தாரா இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லையே, அதற்குள் ஓட்டு எப்படிப் போகும் என்றார் மீரான். சரி, அவருக்கு ஓட்டு உண்டா என்பதை ஓட்டுக்கு விடுவோம் என்றார்கள். அந்த ஓட்டில் அவர் கலந்துகொள்ளலாமா என்று அடுத்த கேள்வி. இருட்டுகிற மட்டும் இது போயிற்று. இத்தனைக்கும் அவர் கை தூக்கினால் ஐந்துக்கு நான்கு, தூக்காவிட்டால் ஐந்துக்கு மூன்று. எப்படியும் சாவுதான்.

கடைசியில் ஐந்துக்கு மூன்றில் இறந்தார்.

செத்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்யாமல் விட வேலாயுதம் அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தார். சங்கரபாண்டியின் டீயைப் போல் இந்தச் சீமையில் டீ கிடையாது என்று குரல் கம்மப் பேசினார். இதை ஒரு நாளாவது தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று சங்கரபாண்டி அண்ணாச்சி வருத்தப்பட்டார். பிறகு எல்லோரும் மௌனமாக எழுந்து நின்றார்கள். அவரும் நின்றார். வெளியே வந்ததும், நீங்கள் ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது என்றார்.

தீர்மானத்தை நான் நடந்தபடியே எழுதினேன். 'இறந்தவர் எழுந்து ஆட்சேபித்தார்' என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார் தலைவர். ஆட்சேபித்தது எல்லோர் காதிலும் விழுந்ததே என்றேன். அந்த வரி இருந்தது. வேலை போகும் என்று பயம்தான். ஆனால் நடந்ததை அழிக்கத் தொடங்கினால், அப்புறம் நான் எழுதிய எதையும் யாரும், நான் உட்பட, நம்ப முடியாது.

அடுத்ததாக, கிராம முன்சீப்பிடம் போய்ச் சாவைப் பதிந்து வரச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் பிறப்பு இறப்புக் கணக்கு அவரிடம்தான். என்ன நடக்கிறதென்று தனக்கும் தெரிய வேண்டுமே என்று சங்கரபாண்டி அண்ணாச்சியும் கூட வந்தார். முன்சீப் பெயர், வயது எல்லாம் கேட்டுக்கொண்டு, சாவுக்குக் காரணம் என்ன என்றார்.

பெரும்பான்மை என்றேன்.

அப்படி ஒரு காய்ச்சலை அவர் கேள்விப்பட்டதில்லை. பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார். இறந்தவர் என்றேன். முன்சீப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் நடந்ததை எழுதுதவன். ஒங்க சங்கம் நெனைக்கதை எழுதணும்னா வேற ஆளைப் பாரும்."

திரும்பி வந்து சொன்னதும், முன்சீப்பின் பதிவு தேவையில்லை என்று ஐந்துக்கு மூன்றில் தீர்மானமாயிற்று. கடையை எடுக்க வேண்டிய வேலை வந்தது. அதைக் காரியதரிசி செய்ய வேண்டும் என்றார்கள். எழுதுவது என் வேலை, அடுப்பைத் தூக்குவது என் வேலை இல்லை என்றேன். அவர்களே போனார்கள். கல்லும் மண்ணும் வைத்துப் பதித்த பழைய இரும்பு அடுப்பு அது. அதைப் பெயர்த்துக் கொண்டுபோய்ச் சங்கக் கட்டடத்தின் பின்புறம் போட்டார்கள். சங்கரபாண்டி அண்ணாச்சி தடுக்கவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் கரி அப்பியிருந்த தரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இருபது வருஷமாக அவர் வீட்டில் சோறு பொங்கியது அந்த நெருப்பால்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது வேடிக்கை இல்லை என்று உறைத்தது.

தலைவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். சங்கரபாண்டி வேண்டுமானால் செங்கோட்டையில் போய்க் கடை போடட்டும், அது திருவிதாங்கூர் சமஸ்தானம், நம் தீர்மானம் அங்கே செல்லாது, அங்கே அவர் தாராளமாக உயிரோடு இருக்கலாம் என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். உண்மையான கருணையோடுதான் சொன்னார்.

காலியான இடம் யாருக்கு என்பதில் ஐந்து பேருக்குள் தகராறு வந்தது. சிப்ஸ் கடை மாடசாமி தனக்கு வேண்டும் என்றார். தலைவர் தன் மருமகனுக்குக் கேட்டார். பேச்சு முற்றியபோது தலைவர் மாடசாமியை உற்றுப் பார்த்து, "என்னவே, ரெண்டு நாளா ஒம்ம முகமே சரியில்லயே" என்றார். அவர் சாதாரணமாகக் கேட்டாரோ என்னவோ. மாடசாமிக்கு அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் தான் நன்றாக இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் சாலையில் யார் யாரைச் சுகம் விசாரித்தாலும் மிரட்டல் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் எடுத்ததற்கெல்லாம் 'சவம்' என்று திட்டுவோம். அந்தச் சொல்கூடச் சங்கத்துக்காரர்கள் வாயில் வராமல் போயிற்று.

கூத்தை நிறுத்தியது சங்கரபாண்டி அண்ணாச்சியின் மனைவி கோமதி. இலஞ்சி முருகன் கோயிலில் ஒரு கல்யாணம். குங்குமத் தட்டோடு வந்த பெண் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டு வந்து, கோமதி அக்காவின் முன்னால் ஒரு கணம் தயங்கினாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஊரெல்லாம் இந்தப் பேச்சாக இருந்ததால் கை தானாக நின்றுவிட்டது. பிறகு கொடுத்தாள். ஆனால் அந்தத் தயக்கத்தைப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்குக் கட்டிய அதே பட்டுச்சேலையோடு அவர் நேரே சங்கக் கூட்டத்துக்கு வந்தார். சங்கரபாண்டி அண்ணாச்சி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். இறந்தபின் அவர் உள்ளே வருவதில்லை. கோமதி அக்கா அவரைத் தாண்டி உள்ளே வந்து, தாலியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டு நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அஞ்சு கை தூக்கினீகளாம். அதுல எந்தக் கை வந்து இதை அறுக்கப் போவுதுன்னு பாக்க வந்தேன்."

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். மாடசாமி தன் கைகளை மடிக்குள் ஒளித்துக்கொண்டார். வேலாயுதம் அண்ணாச்சிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாயி, அதெல்லாம் சங்கத்துக்கு உட்பட்டது இல்ல" என்றார்.

"அப்போ ஒங்களுக்கு உட்படாதது ஒண்ணு உண்டுங்கீக" என்றார் கோமதி அக்கா.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். என் வேலை எழுதுவது மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த நிமிஷத்தில், தலைவர் தப்பிப்பதற்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நழுவவிட்டால் இனி எதுவும் கையில் கிடைக்காது என்று தோன்றியது. எழுந்து நின்று, தலைவர் இப்போது சொன்னதைத் தயவுசெய்து மறுபடி சொல்ல வேண்டும், எழுதிக்கொள்கிறேன் என்றேன். கூட்டத்தின் நடுவில் காரியதரிசி பேசுவது வழக்கமில்லை. தலைவர் முறைத்தார். கோமதி அக்கா இன்னும் தாலியைப் பிடித்தபடி நின்றார். வேறு வழியில்லாமல் சொன்னார்: பெரும்பான்மை கை தூக்கினாலும் சங்கத்துக்கு உட்படாத விஷயங்கள் உண்டு.

எழுதி, உரக்கப் படித்தேன். படித்து முடிக்குமுன் மாடசாமி எழுந்துவிட்டார். ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் அந்த உட்படாததில் சேருமா என்று கேட்டார். அவர் தலைவரின் ஐவரில் ஒருவர் என்பதை மறந்துவிடாதீர்கள். சேரும் என்று மூன்று நான்கு குரல்கள் வந்தன. மீரான், ஒருவன் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்வதையும் சேர்க்கச் சொன்னார். கடையை எடுப்பதற்கு முன் கடைக்காரன் என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும் என்றார் இன்னொருவர்.

கவனியுங்கள், அவர்களில் ஒருவரும் பெரிய தத்துவம் பேசவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு எது நடந்துவிடுமோ என்று பயந்தாரோ, அதை எல்லோருக்கும் சேர்த்துத் தடுத்தார். தலைவருக்கும் பயம் இருந்தது. மாடசாமி கட்சி மாறியதும் ஐந்து நான்காகிவிட்டதே. தலைவரை நீக்குவதென்றால் வருஷ முடிவில் தேர்தல் வைத்துத்தான் நீக்க வேண்டும், நடுவில் திடீரென்று முடியாது என்றார். ஒத்துக்கொண்டார்கள். அப்படியானால் வருஷ முடிவில் தேர்தல் கட்டாயம் வைத்தே ஆகவேண்டும் என்று மீரான் அதையே திருப்பிப் போட்டார். தலைவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வாய் கொடுத்தாகிவிட்டது.

எது உட்பட்டது, எது உட்படாதது என்று சந்தேகம் வந்தால் யார் சொல்வது என்பதில் மறுபடி சிக்கியது. தலைவர்தான் என்றார் தலைவர்.

"அடிக்கதும் நீரு, தீர்ப்புச் சொல்லுததும் நீரா?" என்றார் மீரான்.

சங்கத்தில் கடை இல்லாத, யாருடைய ஓட்டும் தேவைப்படாத ஓர் ஆள் வேண்டும் என்று தேடியபோது, சாவைப் பதிய மறுத்தாரே, அந்த முன்சீப்பின் ஞாபகம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

இதையெல்லாம் நாளைக்கு ஐந்து பேர் சேர்ந்து அழித்துவிட்டால் என்ன செய்வது என்றேன். மாற்ற வேண்டுமென்றால் ஒன்பதில் ஏழு கை வேண்டும் என்றார்கள். மாடசாமிக்கு அப்போதும் நிம்மதி இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் ஒருவரைச் சாகடிக்கலாமா என்று கேட்டார். பிறகு வேலாயுதம் அண்ணாச்சியே, சில விஷயங்களுக்கு ஒன்பதும் போதாது என்று எழுதச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கோமதி அக்காவின் பக்கம் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் தில்லியிலும் நாட்டுக்கு ஒரு சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் ஏன் இத்தனை மாதம் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று வக்கீல் ஆபீஸில் நானே அலுத்துக்கொண்டதுண்டு. அன்றைக்கு அந்த அலுப்புப் போயிற்று. காரியஸ்தர் காலத்தில் எங்களை ஒரு கை ஆட்டியது. பிறகு ஐந்து கை ஆட்டியது. அடி வாங்குகிறவனுக்குக் கை எத்தனை என்பதில் என்ன ஆறுதல்? ஆளப்படுகிறவனே ஆளவும் செய்கிற இடத்தில்தான் முன்கூட்டியே எழுதிவைத்த எல்லை அதிகம் தேவைப்படுகிறது. ஏனென்றால் அங்கே எல்லை மீறுகிறவன் தன்னை அக்கிரமக்காரன் என்று நினைப்பதே இல்லை. எண்ணிக்கை தன் பக்கம் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்குகிறான். அதனால் உங்கள் கூட்டங்களில் கைகளை எண்ணுவதற்கு முன்னால், இந்தக் கேள்வியைக் கேட்க இந்தக் கூட்டத்துக்கு உரிமை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுந்து நின்று சொல்லுங்கள்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எழுதியதில் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதாவது கையெழுத்துக்குச் சங்கரபாண்டி அண்ணாச்சி உயிரோடு இருக்க வேண்டுமே. வேலாயுதம் அண்ணாச்சி உற்சாகமாகிவிட்டார். செய்த தப்பை முறையாகச் சரிசெய்ய அவருக்கு ஒரு வழி தெரிந்தது. சங்கரபாண்டி உயிரோடு இருக்கிறார் என்று தானே முன்மொழிவதாகவும், இதை எட்டுப் பேரும் ஒருமனதாக நிறைவேற்ற வேண்டும் என்றும் சொன்னார். எட்டுக் கைகளும் பாதி வரை எழும்பிவிட்டன.

வாசலிலிருந்து சங்கரபாண்டி அண்ணாச்சி உள்ளே வந்தார். எல்லோரும் அவர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தார்கள்.

"கையைக் கீழ போடுங்க" என்றார். "நீங்க கை தூக்கித்தான் நான் உசுரோட இருக்கணும்னா, எனக்கு அந்த உசுரு வேண்டாம். நான் என்னைக்கும் உசுரோடதான் இருந்தேன். அதுக்கு ஒங்க ஓட்டு ஒண்ணும் தேவையில்ல."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தீர்மானம் இல்லாமல் எப்படி, என்று தலைவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். அப்படியென்றால் நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர் சங்கரபாண்டி அண்ணாச்சியிடமே கேட்டார். கேட்ட குரல் சின்னதாக இருந்தது.

"பின்னாடி அடுப்பு கெடக்கு. கனம். ரெண்டு பேரு பிடிக்கணும்."

வேலாயுதம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போனார். மறுபக்கத்தை மாடசாமி பிடித்தார். சாலை வளைவு வரை இறக்கி வைக்காமல் கொண்டுபோனார்கள். கோமதி அக்கா பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.